டெவன் சூலை: ஆப்பிள் மதுவும் ஈயமும் ஓர் அரிய நோயும்

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் மாவட்டத்தில், 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், ஆப்பிள் பறித்து முடிந்து புது மது பீப்பாய்களில் இறங்கும் இலையுதிர்காலந்தோறும் ஒரு கொடிய வயிற்றுவலி ஊர் ஊராகப் பரவிற்று. வலி தொப்புளைச் சுற்றித் திடீரெனத் தொடங்கிக் குடலை முறுக்கிப் பிழியும், நாட்கணக்கில் மலம் இறங்காது, வாந்தி விடாது. குடல்வால் அழற்சி போன்ற நோய்களில் வயிற்றைத் தொட்டாலே நோயாளி துடிப்பார். இந்த நோயிலோ வயிறு உள்வாங்கிக் கல்போல் இறுகினாலும், கையால் அழுத்தினால் வலி சற்றுத் தணிவதுண்டு. வலி நின்ற சில வாரங்களில் பலருக்கு மணிக்கட்டு தொங்கிப்போய், விரல்களை நிமிர்த்த முடியாமல் கைகள் செயலிழந்தன; சிலருக்கு வலிப்பும் பார்வையிழப்பும் வந்தன. இதை மருத்துவர்கள் ‘டெவன் சூலை’ என்றனர். எக்ஸிடர் நகர மருத்துவமனையில் மட்டும் 1762 செப்டம்பர் முதல் 1767 ஜூலை வரை இந்நோயோடு சேர்ந்தவர்கள் 285 பேர். அவர்களில் குணமடைந்து வீடு திரும்பியவர்கள் 209 பேர்.

அந்த வட்டாரத்தின் அன்றாட வாழ்வு சைடரைச் சுற்றியே இயங்கிற்று. சைடர் என்பது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து எடுக்கும் மது. பண்ணையாட்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகவே அது அளந்து கொடுக்கப்பட்டது. கூலியில் மதுவைச் சேர்க்கக் கூடாது என்ற சட்டத்தடை 1887இல்தான் வந்தது. ஆகவே ஏழை உழைப்பாளி தன் விருப்பத்தால் மட்டும் குடித்தான் என்று சொல்வதற்கில்லை. அவன் குடித்ததும் பெரும்பாலும் பண்ணையிலேயே செய்த, முற்றுமுன் எடுத்த, புளிப்பு மிகுந்த சரக்கு. நோய் அவனையே அதிகம் பிடித்ததில் வியப்பில்லை.

எக்ஸிடரில் மருத்துவத் தொழில் செய்த வில்லியம் மஸ்கிரேவ் 1703இல் இந்தச் சூலையை எழுத்தில் பதிவு செய்து, பழி முழுவதையும் சைடரின் புளிப்பின் மேல் போட்டார். பிளிமத் நகரின் ஜான் ஹக்ஸம், ஆப்பிள் விளைச்சல் அமோகமாக இருந்த 1724ஆம் ஆண்டில் நோயும் அமோகமாகப் பரவியதை நுணுக்கமாகக் கவனித்து 1739இல் ஒரு நூல் வெளியிட்டார். ஹக்ஸமின் நோய்க்குறி விவரணை இன்று படித்தாலும் குறை சொல்ல முடியாதது. காரணம் என்று வரும்போது மட்டும் அவரும் புளித்த சாற்றையே சுட்டினார். பாதி உண்மை அதில் இருந்தது. புளிப்பு இல்லாமல் அந்த நோய் இல்லை. ஆனால் புளிப்பு எதைக் கரைத்தது என்ற கேள்வியை இருவருமே எழுப்பவில்லை.

கரைந்தது காரீயம். (தமிழ்நாட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அது வேறு உலோகம். இக்கட்டுரையில் இனி ஈயம் என்று வருவதெல்லாம் காரீயத்தையே குறிக்கும்.) ஈயத்துக்கும் வயிற்றுவலிக்கும் உள்ள தொடர்பு டெவன் மக்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் அறியப்பட்டதுதான். கொலோஃபோன் நகரத்துக் கிரேக்கக் கவிஞர் நிகாண்டர், கிறிஸ்துவுக்கு முந்தைய 2ஆம் நூற்றாண்டில், நஞ்சுகளுக்கான முறிவுகளைப் பாடும் தம் நூலில், ஈயச்சேர்மங்களை உட்கொண்டவரின் குடல் வேதனையையும் தளரும் கைகால்களையும் சொல்லியிருக்கிறார். ஆனால் ரோமானியர் திராட்சைச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும்போது ஈயப் பாத்திரத்தையே விரும்பினர். வெண்கலத்தில் காய்ச்சினால் களிம்பேறிச் சுவை கெடும் என்று வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா எச்சரித்தார். ஈயத்தில் காய்ச்சினாலோ சுவை கூடிற்று. அந்தக் கூடுதல் இனிப்பு, புளிப்போடு சேர்ந்து ஈயமே உண்டாக்கும் உப்பிலிருந்து வந்தது.

அதன்பின் இந்த அறிவு தொலைந்தும் கிடைத்தும் மறுபடி தொலைந்தும் வந்திருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் ஏஜினா தீவின் மருத்துவர் பால், இத்தாலியில் தொடங்கிப் பரவிய, கைகால் வாதத்தில் முடியும் சூலை ஒன்றை விவரித்தார். பிரான்ஸின் புவாத்து வட்டாரத்தில் இதே நோய் பரவியதை ஃபிரான்சுவா சித்துவா 1616இல் எழுதியதால், ஐரோப்பிய மருத்துவ நூல்களில் அது நெடுங்காலம் ‘புவாத்துச் சூலை’ என்றே வழங்கிற்று. அதுவும் மது விளையும் பூமி என்பது குறிப்பிடத்தக்கது. ஜெர்மனியின் கோஸ்லார் சுரங்க நகரில் மருத்துவராக இருந்த சாமுவேல் ஸ்டாக்ஹவுசன், உருக்காலைத் தொழிலாளரை வாட்டிய வயிற்றுவலிக்கு மிருதார்சிங்கியின் புகையே காரணம் என்று 1656இல் அறிவித்தார். மிருதார்சிங்கி என்பது நம் நாட்டுமருந்துக் கடைகளிலும் அறியப்பட்ட, ஈயத்தைக் காற்றில் எரித்து எடுக்கும் மஞ்சள் நிற ஆக்சைடு.

ஸ்டாக்ஹவுசனின் நூல் நாற்பது ஆண்டுகள் கழித்து உல்ம் நகர மருத்துவர் எபர்ஹார்ட் காக்கெலுக்கு உதவியது. அவர் பார்த்துவந்த மடங்களில் துறவிகள் சூலையால் துடித்தனர். மது அருந்தாத துறவிகள் மட்டும் நலமாக இருந்தனர். மதுவணிகர் ஒருவரிடமிருந்து, புளித்த மதுவை மிருதார்சிங்கி போட்டுத் திருத்தும் செய்முறையைப் பெற்ற காக்கெல், அதைத் தாமே செய்து பார்த்து, மட்டமான மது அருமையான மதுவாக மாறுவதைக் கண்டார். விளைச்சல் கெட்டு திராட்சை பழுக்காமல் புளித்த ஆண்டுகளில் இந்தத் தந்திரம் வணிகர்களுக்குக் கைகொடுத்தது. வூர்ட்டெம்பெர்க் சிற்றரசின் டியூக் எபர்ஹார்ட் லூட்விக் 1696இல் இந்தக் கலப்படத்தை மரணதண்டனைக்குரிய குற்றமாக அறிவித்தார். சட்டம் கடுமையானது, ஆனால் அது அந்தச் சிற்றரசின் எல்லையோடு நின்றது.

அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பாலும் இதே கதை. நியூ இங்கிலாந்தில் வடித்த ரம்மைக் குடித்தவர்கள் ‘உலர் வயிற்றுவலி’ கண்டு கைகால் செயலிழப்பதாக வட கரோலினாவிலிருந்து புகார் வந்ததும், வடிகலன்களின் தலைமூடியும் ஆவியைக் குளிர்விக்கும் சுருள்குழாயும் ஈயத்தால் செய்யப்படுவதே காரணம் என்று மருத்துவர்கள் கண்டனர். 1723இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அவற்றைத் தடை செய்தது. மேற்கிந்தியத் தீவுகளின் இதே வலியைப் பற்றி தாமஸ் காட்வாலடர் எழுதிய கட்டுரையை 1745இல் அச்சிட்டவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். இத்தனையும் அச்சில் இருந்தபோதுதான் டெவன் மக்கள், தங்கள் நோய்க்கு ஆப்பிளின் புளிப்பே காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தனர்.

இந்த நம்பிக்கையை உடைத்தவர் டெவன் மண்ணின் மைந்தரே. மாட்பரி என்னும் ஊரில் 1722இல் பிறந்து, லண்டனில் பெயர்பெற்ற மருத்துவராகி, அரசியின் இல்ல மருத்துவர் பொறுப்பையும் ஏற்றிருந்த ஜார்ஜ் பேக்கர், 1767 ஜூன் 29 அன்று மருத்துவர் கல்லூரியில் டெவன் சூலையின் காரணம் பற்றிய தம் ஆய்வுரையை வாசித்தார். அவருடைய வாதத்தின் அடித்தளம் ஓர் எளிய ஒப்பீடு. ஹெரிஃபோர்ட்ஷயர், கிளாஸ்டர்ஷயர், வூஸ்டர்ஷயர் ஆகிய மாவட்டங்களிலும் சைடர் ஆறாக ஓடிற்று, அங்கும் உழைப்பாளிகள் அதைக் குடித்தனர், புளிப்பும் இருந்தது. ஆனால் இந்தச் சூலை அங்கே ஏறக்குறைய அறியப்படாத நோய். அப்படியானால் டெவனில் மட்டும் என்ன இருக்கிறது என்று கேட்ட பேக்கர், நோயாளியின் உடலை விட்டுவிட்டுச் சாறு பிழியும் கொட்டகைக்குள் நுழைந்தார்.

அந்தக் கொட்டகையில் வட்டமான பெரிய கல்தொட்டி ஒன்று இருக்கும். குதிரை சுற்றிவர, அதோடு கட்டிய உருளைக்கல் தொட்டிக்குள் உருண்டு ஆப்பிளை நசுக்கும். நசுங்கிய கூழை வைக்கோல் பரப்பி அடுக்கடுக்காக ஏற்றி, அழுத்துபலகையால் பிழிந்தால் சாறு கீழே உள்ள தொட்டியில் வடியும். டெவனில் இந்த வட்டத்தொட்டியைப் பெரும்பாலும் பல கல்துண்டுகளை இணைத்தே செய்தனர். துண்டுகளை இரும்புப் பிடிகளால் கோத்து, பிடி நிற்கும் குழியிலும் இணைப்பு இடுக்குகளிலும் உருக்கிய ஈயத்தை ஊற்றினர். பல இடங்களில் அழுத்துபலகையின் அடித்தட்டையே ஈயத்தகட்டால் போர்த்தினர். ஆப்பிளின் அமிலம் அந்த ஈயத்தை நாளெல்லாம் தின்றது. ஹெரிஃபோர்ட்ஷயர் பக்கத்து ஆலைகளில் இப்படி ஈயம் வைக்கும் வழக்கம் இல்லை. கைப்பக்குவத்தில் இருந்த இந்த ஒரு வேறுபாடே இரு வட்டாரங்களின் நோய்க்கணக்கையும் பிரித்தது.

பேக்கர் ஊகத்தோடு நிற்கவில்லை. தாளகம் எனப்படும் அரிதாரத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சிய கரைசலை ஈயம் கலந்த நீர்மத்தில் விட்டால் அது கறுத்துவிடும் என்பதை மதுக் கலப்படத்தைச் சோதித்தவர்கள் அறிந்திருந்தனர். கரைசலில் உள்ள கந்தகம் ஈயத்தோடு சேர்ந்து கரிய சல்ஃபைடாகப் படிவதே இதன் உட்பொருள். டெவன் சைடர் கறுத்தது. ஹெரிஃபோர்ட்ஷயர் சைடர் நிறம் மாறவில்லை. வேதியியல் வல்ல வில்லியம் சாண்டர்ஸின் உதவியோடு 18 பாட்டில் டெவன் சைடரிலிருந்து நாலரை கிரெயின் ஈயத்தையே பிரித்தெடுத்துக் காட்டினார். இன்றைய அளவில் அது ஏறத்தாழ 290 மில்லிகிராம். பாட்டிலுக்குச் சுமார் 16 மில்லிகிராம். நாளுக்குப் பல பாட்டில் குடித்த பண்ணையாளின் உடலில் ஒரு பருவத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்பதைக் கணக்கிடுவது கடினமில்லை. நோயுற்ற இடத்தையும் நோயற்ற இடத்தையும் அருகருகே வைத்து, ஐயத்துக்குரிய பொருளைச் சோதனையில் கண்டுபிடித்து நிறுவிய இந்த முறை, காலராவுக்குக் குடிநீரைக் காரணமாகக் காட்டிய ஜான் ஸ்னோவுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முற்பட்டது. கொள்ளைநோயியலின் வரலாறு எழுதுவோர் ஸ்னோவுக்குத் தரும் இடத்தில் பாதியையாவது பேக்கருக்குத் தந்திருக்கலாம்.

சொந்த மாவட்டம் அவரைக் கொண்டாடவில்லை. சைடர் மீது 1763இல் அரசு விதித்த வரியை எதிர்த்து, பெரும் கிளர்ச்சிக்குப் பிறகு 1766இல்தான் அந்த வரியை டெவன் தோட்டக்காரர்கள் நீக்கச் செய்திருந்தனர். அடுத்த ஆண்டே, தங்கள் சரக்கில் நஞ்சு இருக்கிறது என்று தங்கள் ஊர்க்காரரே லண்டனில் அறிவித்தால் எப்படி இருந்திருக்கும்? பாதிரியார்கள் கண்டித்தனர், தாமஸ் ஆல்காக் என்னும் பாதிரியார், டெவன் சூலைக்கு ஈயம் காரணமே அல்ல என்று 1769இல் ஒரு சிறுநூலே வெளியிட்டார். ஆயினும் வாய்ச்சண்டை ஒருபுறம் இருக்க, ஆலைக்காரர்கள் மெல்ல மெல்ல ஈயத்தை அகற்றினர். நோயும் அடுத்தடுத்த தலைமுறைகளில் அருகி மறைந்தது. வாதத்தில் தோற்றதாக ஒப்புக்கொள்ளாமலே பழக்கத்தை மாற்றிக்கொள்வது வணிகர்களின் நெடுநாள் வழக்கம்.

பேக்கரின் ஆய்வுக்குச் செய்தி தந்து உதவியவர்களில் அப்போது லண்டனில் இருந்த ஃபிராங்க்ளினும் ஒருவர். 1786இல் தம் நண்பர் பெஞ்சமின் வாகனுக்கு எழுதிய கடிதத்தில், இளமையில் லண்டன் அச்சகத்தில் ஈய எழுத்துகளை நெருப்பருகே உலர்த்திக் கோத்தபோது கைகளில் ஏற்பட்ட வலியையும், முதிய தொழிலாளி ஒருவர் எச்சரித்ததையும் அவர் நினைவுகூர்கிறார். அதைவிடச் சுவையானது அவருடைய பாரிஸ் குறிப்பு. 1767இல் அந்நகரில் இருந்தபோது அவர், இந்தச் சூலையைக் குணப்படுத்துவதில் பெயர்பெற்ற ஷரிட்டே மருத்துவமனை நோயாளிகளின் தொழிற்பட்டியலைப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாருமே ஏதோ ஒரு வகையில் ஈயத்தோடு புழங்குபவர்கள். கல்தச்சரும் போர்வீரரும் மட்டும் பொருந்தவில்லை. விசாரித்ததில், படிக்கட்டுக் கம்பிகளைக் கல்லில் நிறுத்த உருக்கிய ஈயம் ஊற்றுவோர் கல்தச்சரே என்றும், அந்த வீரர்கள் வண்ணப்பூச்சுக்காரரிடம் நிறம் அரைக்கக் கூலிக்குப் போனவர்கள் என்றும் தெரியவந்தது. நோயாளியிடம் தொழிலை விசாரிக்க வேண்டும் என்று 1700இல் இத்தாலிய மருத்துவர் ராமாட்சினி வற்புறுத்தியதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

சைடரை விட்டகன்ற ஈயம் 19ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகளில் குடியேறிற்று. பாரிஸின் அதே மருத்துவமனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்த தாங்க்கெரல் தெ பிளான்ஷ் 1839இல் இரண்டு தொகுதிகளாக ஈயநோயை எழுதினார். ஈறுகளின் விளிம்பில் படரும் நீலக்கோட்டை லண்டன் மருத்துவர் ஹென்றி பர்ட்டன் 1840இல் சுட்டிக்காட்டினார். இவற்றை விரிவாகச் சொல்ல இங்கே தேவையில்லை. டெவன் சூலையின் வரலாறு வேறொரு திசையில், யாரும் எதிர்பாராத வகையில் தொடர்கிறது.

1788 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜ் கடும் வயிற்றுவலியால் துடித்தபோது அழைக்கப்பட்ட மருத்துவர் வேறு யாருமல்லர். அதே ஜார்ஜ் பேக்கர். வயிற்றுவலியின் நாட்டாமை என்று சொல்லத்தக்க அவருக்கே இந்த வலி பிடிபடவில்லை. சில வாரங்களில் அரசரின் சித்தம் கலங்கிற்று. நாடாளுமன்றம் அரசப் பொறுப்பாளரை நியமிக்கும் மசோதாவை விவாதிக்கும் அளவுக்குப் போயிற்று. ஐடா மக்கால்பைன், ரிச்சர்ட் ஹன்டர் என்னும் தாயும் மகனுமான இரு மனநல மருத்துவர்கள், மருத்துவர்களின் நாட்குறிப்புகளை ஆராய்ந்து, அரசருக்கு இருந்தது போர்ஃபிரியா என்று 1966இல் வாதிட்டனர். வயிற்றுவலி, கைகால் தளர்ச்சி, நிறம் மாறிய சிறுநீர், சித்தக்கலக்கம் ஆகியவை ஒன்றாக வருவதே அவர்களின் சான்று. இந்த முடிவு நூல்களிலும் நாடகத்திலும் திரைப்படத்திலும் புகழ்பெற்றது. பின்னர் அதே ஆவணங்களை மீளாய்வு செய்தவர்கள், சான்றுகள் தேர்ந்தெடுத்து அடுக்கப்பட்டவை என்றும் அரசரின் நோய் மனநோயாகவே படுகிறது என்றும் காட்டியுள்ளனர். இவர்கள் தரப்பே இன்று வலுவானது.

அரசருக்கு இருந்ததோ இல்லையோ, போர்ஃபிரியா என்பது மெய்யான நோய். குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீம் என்னும் பொருளை உடல் எட்டுப் படிகளில் தயாரிக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி உண்டு. பிறவியிலேயே இவற்றுள் சில நொதிகளில் ஒன்று குறைவாக இருந்தால், முந்தைய படியின் பொருள்கள் தேங்கி நரம்புகளைத் தாக்கும். இவ்வகை நோய்களில் திடீர் வயிற்றுவலியைத் தருவனவற்றுள் அதிகம் காணப்படுவது ‘கடும் இடைவிட்ட போர்ஃபிரியா’. நெதர்லாந்து மருத்துவர் ஸ்டோக்விஸ் 1889இல், சல்ஃபோனல் என்னும் தூக்கமருந்தை உட்கொண்ட முதியவள் ஒருத்தியின் சிறுநீர் கருஞ்சிவப்பானதையும் அவள் இறந்ததையும் பதிவு செய்தார். ஸ்வீடனின் யான் வால்டன்ஸ்ட்ரோம் 1937இல் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளைத் தொகுத்து ஆராய்ந்து, இது குடும்பங்களில் வழிவழியாக வருவது என்று நிறுவினார். தென்னாப்பிரிக்காவில் வேறொரு வகைப் போர்ஃபிரியாவைத் துருவிய ஜெஃப்ரி டீன், ஆயிரக்கணக்கானோரின் வம்சாவளியைப் பின்தொடர்ந்து, 1688இல் நன்னம்பிக்கை முனையில் மணந்துகொண்ட ஒரு டச்சுத் தம்பதியிடம் போய் நின்றார். பல தலைமுறைகள் பெரிதாகத் தொந்தரவு இல்லாமல் சுமந்த அந்தக் குறை, மயக்கமருந்தாகவும் தூக்கமருந்தாகவும் பார்பிட்டுரேட்டுகள் புழக்கத்துக்கு வந்த 20ஆம் நூற்றாண்டில்தான் உயிர்க்கொல்லியாயிற்று.

ஈயச்சூலையும் போர்ஃபிரியாவும் நோயாளியிடம் ஏன் இப்படி ஒத்திருக்கின்றன என்பதற்கு விடை இந்த எட்டுப் படிகளிலேயே இருக்கிறது. முதற்படியில் உண்டாவது டெல்டா அமினோலெவுலினிக் அமிலம். இரண்டாம் படியில் ஒரு நொதி, அதன் இரண்டு மூலக்கூறுகளை இணைத்து போர்போபிலினோஜென் என்னும் பொருளாக்குகிறது. அந்த நொதி இயங்கத் துத்தநாகம் தேவை. ஈயம் அதை வெளியேற்றி அங்கே அமர்ந்துகொள்ள, நொதி முடங்கி அமிலம் தேங்குகிறது. கடும் இடைவிட்ட போர்ஃபிரியாவில் குறை மூன்றாம் படியில்; அங்கே போர்போபிலினோஜெனும் அமிலமும் சேர்ந்தே ஏறும். இரண்டாம் படியின் நொதியே பிறவியில் குறைந்த மிக அரிய வகையை ஜெர்மனியின் மன்ஃபிரெட் டாஸ் 1979இல் இரண்டு இளைஞர்களிடம் கண்டறிந்தார். உலகெங்கும் இதுவரை அறியப்பட்ட நோயாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஈயம் அருந்தாமலேயே டெவன் உழைப்பாளியின் வேதனையை அனுபவிப்பவர்கள் இவர்கள்.

போர்ஃபிரியா நோயாளிகள் நெடுங்காலம் பட்ட பாடு கொஞ்சமல்ல. வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் அழற்சிக்கான அடையாளம் இராது. வலியோ தாங்க முடியாதது. பெரும்பாலோர் இளம்பெண்கள் என்பதால், நடிப்பு என்றும் நரம்புத்தளர்ச்சி என்றும் முத்திரை குத்தப்பட்டனர். அல்லது அறுவை மேசைக்குப் போய், குடலில் ஒன்றும் காணாமல் தைத்து அனுப்பப்பட்டனர். சில வேளைகளில் அந்த அறுவைக்குத் தந்த மயக்கமருந்தே நோயை முற்றவைத்தது. பட்டினியும் சில மருந்துகளும் மாதவிடாய்க்கு முன்னான ஹார்மோன் ஏற்றமும் வலியைக் கிளப்புவன என்று தெரிந்தபின், குளுக்கோஸ் ஏற்றுவதும், ஹீமையே சிரை வழியாகச் செலுத்துவதும் சிகிச்சையாயின. அமெரிக்காவில் அரிய நோய்களுக்கான மருந்துச் சட்டம் 1983இல் நடைமுறைக்கு வந்ததும் அதன்கீழ் முதலில் அனுமதி பெற்ற மருந்து இந்த ஹீம் ஊசியே. கல்லீரலில் முதற்படி நொதியின் உற்பத்தியைக் குறைக்கும் கிவோசிரான் 2019இல் அனுமதி பெற்றது.

ஈயச்சூலையும் முழுதாக ஒழிந்துவிடவில்லை. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைகளிலும், ஈயம் சேர்ந்த பற்பங்களை உட்கொள்வோரிடமும் அது இன்றும் தலைகாட்டுகிறது. 2000 முதல் 2003 வரை அமெரிக்காவின் ஐந்து மாநிலங்களில் ஆயுர்வேத மருந்துகளோடு தொடர்புடைய 12 ஈயநச்சு நிகழ்வுகளை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2004இல் வெளியிட்டது. காரணம் பிடிபடாத வயிற்றுவலி திரும்பத் திரும்ப வருபவர், தாம் செய்யும் வேலையையும் உட்கொள்ளும் மருந்து, லேகியம், பற்பம் அனைத்தையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவரும் கத்தியை எடுக்குமுன் இரண்டு சோதனைகளைக் கேட்டுவிடுவது நல்லது: குருதியில் ஈயத்தின் அளவு, வலி இருக்கும்போதே பிடித்து, வெளிச்சம் படாமல் மூடி அனுப்பிய சிறுநீரில் போர்போபிலினோஜெனின் அளவு.